விமானியின் மகனுக்கு நான் வாசித்த காகிதங்கள்

எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனாலும் இரண்டு மாதம், தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மனிதருக்கு நான் ஜெர்மன் வாசித்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது வெளியே யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் யாரும் சிரிக்கப் போவதில்லை.

நான் வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் ஃபேக்டரியில் இருந்தவள். ஃபேக்டரி ஆள் குறைத்தபோது எனக்கு ஐம்பது வயது. அந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மூன்று மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு இதில் இறங்கினேன். குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சோறு ஊட்டுவது, திட்டு வாங்குவது. இந்தக் கடைசி வேலையில் மட்டும் நான் கொஞ்சம் மட்டம். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறான் என்று அப்பா சொல்வார். இரண்டு வீடுகள் என்னை அனுப்பிவிட்டதற்கும் அந்தச் சனிதான் காரணம்.

மூன்றாவது வீடு இந்த ஜெர்மன்காரருடையது. எண்பத்திரண்டு வயது. எஞ்சினியராகப் பினாங்குக்கு வந்து முப்பத்தைந்து வருடமாக இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்த பிறகு கடலோரத்தில் பதினோராவது மாடியில் தனியாக இருந்தார். கண் இரண்டும் கிட்டத்தட்டப் போய்விட்டன; ஆள் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது. நான் டத்தோ கிராமாட்டிலிருந்து காலையில் பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவேன். சனி, ஞாயிறுகளில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு பெண் வருவாள். நான் லீவு போட்டாலும் அவள்தான்.

என்னைவிட முப்பது வயது மூத்தவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் பரிமாறுகிற பெண்ணை அப்படிக் கூப்பிடுவதைப் பார்த்து, தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. நான் அவரை சார் என்பேன். நாங்கள் பேசியது பாதி மலாய், பாதி இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் ஜெர்மனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அவருடைய மூத்த சகோதரி இறந்துபோய், அந்த அம்மாள் வைத்திருந்த அப்பாவின் காகிதங்களை யாரோ உறவினர் அனுப்பியிருந்தார்கள். மேலே ஒரு புகைப்படம். பட்டாளத்து உடுப்பில் ஓர் இளைஞன், விமானத்தின் வாலில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான். வாலில் வரிசை வரிசையாகக் கோடுகள், பால்காரர் சுவரில் இழுத்து வைக்கிற கோடு மாதிரி.

“இது என்ன சார், கோடு போட்டிருக்கு?”

“ஒவ்வொரு கோடும் ஒரு விமானம், அக்கா. அப்பா சுட்டு வீழ்த்தியது.”

எண்ண ஆரம்பித்தேன். கடைசி வரிசைகள் மங்கலாக இருந்ததால் எழுபதோடு விட்டுவிட்டேன்.

அப்பா சாகும்போது இவருக்கு இரண்டு வயது. முகம் ஞாபகம் இல்லை. அம்மா சொல்லி வளர்த்தது ஒரே ஒரு வாக்கியம்: உன் அப்பா விமானங்களைத்தான் சுட்டார், மனிதர்களை அல்ல. அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்துவிடும்.

“விமானத்துக்குள்ள ஆள் இல்லையா சார்?” என்று கேட்டேன். சனி சும்மா இருப்பானா?

அவருக்குக் கோபம் வரவில்லை. குதிக்கிறவனைக் குதிக்க விட்டுவிட்டு, இறக்கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போவது அப்பாவின் வழக்கம் என்றார். ஆயுதத்தோடு எதிரே வருகிறவனோடு மட்டும் சண்டை. அந்த ஆட்சி அசிங்கம், அந்த யுத்தம் அசிங்கம், ஆனால் அப்பா சுத்தம். எண்பது வருடம் அவர் கையில் பிடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். சாவதற்கு முன் அந்தக் காகிதங்களை ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்றார்.

கைப்பேசியில் படம் பிடித்தால் அதுவே வாசித்துவிடும் என்று சொன்னேன். மெஷின் வாயால் என் அப்பாவைக் கேட்கமாட்டேன் என்றார். இங்கே இருக்கும் மற்ற ஜெர்மன்காரர்களிடம் கொடுக்கவும் மனமில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமாம். எனக்குத்தான் ஒரு எழவும் புரியாதே, நான் வாசித்தால் பத்திரம்.

ஜெர்மனும் மலாயைப் போல ஏ பி சி எழுத்துதான். மலாயில் எழுதியிருக்கிறபடியே உச்சரிக்கலாம், இங்கிலீஷ் மாதிரி ஏமாற்று வேலை கிடையாது. அந்தப் பழக்கத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தேன். நல்லவேளை, எல்லாம் டைப் அடித்த காகிதம். முதல் நாள் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “என் அப்பா ஏதோ மலாய்க் கம்போங்கில் பிறந்தவர் மாதிரி பேசுகிறார்” என்றார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. நான் ஒரு தாளை வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு எனக்கு விளக்கம் சொல்வார்.

அந்த மனிதனின் பட்டாளத்து வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் என் வாய் வழியாக வந்தது. பள்ளிக்கூட வயதிலேயே எஞ்சின் இல்லாத கிளைடரில் மலைச்சரிவிலிருந்து பறந்தவன். பிரான்ஸில் முதல் விமானத்தை வீழ்த்தினான். பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள கடலில் இவன் எஞ்சினையே சுட்டுவிட்டார்கள். மத்தியானம் வரை தண்ணீரில் மிதந்து, படகுக்காரர்கள் தூக்கிப் போட்டு, அடுத்த வாரமே புது விமானத்தில் ஏறினான். பிறகு ரஷ்யா. வாலில் கோடுகள் பெருகியது அங்கேதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்: எத்தனை மணி, எவ்வளவு உயரம், எங்கே விழுந்தது, யார் பார்த்தது. பார்த்த சாட்சி இல்லாவிட்டால் கோடு கிடையாது. சாட்சி இல்லாமல் போன ஒன்றிரண்டுக்காக மேலதிகாரியோடு சண்டை போட்டு எழுதிய கடிதங்களும் இருந்தன.

கழுத்தில் தொங்கவிடுகிற பெரிய பதக்கம் கிடைத்தது. பத்து நாள் லீவில் ஊருக்கு வந்தபோது பேண்டு வாத்தியம், பூச்செண்டோடு பள்ளிப் பெண்கள். அந்த லீவில்தான் மகனைத் தூக்கினானாம், அது ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு சொந்த ஊரின் மேலேயே சண்டை. அமெரிக்கக் குண்டு விமானங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. கூட இருந்தவர்கள் வாரம் ஒருவராகச் செத்தார்கள், தாள்கள் நாலு வரியாகக் குறைந்தன. கடைசித் தாள் அவன் எழுதியதே இல்லை. கோதுமை வயலில் விழுந்து கிடந்ததாக மேலதிகாரி அவன் மனைவிக்கு எழுதிய கடிதம். அதை வாசித்து, அவர் விளக்கம் சொன்னபோது நான் அழுதேன். எந்த ஊர்க்காரனோ, எதற்குச் செத்தானோ, அவனுக்காக உட்கார்ந்து அழுதேன். வெட்கக்கேடு.

சுத்தமான மனிதன்தான் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சீரியல் கதை மாதிரிச் சொல்வேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே ம் ம் என்பார். விமானக் கதை அவருக்குப் பிடிக்காது.

பெட்டியின் அடியில் நூல் கட்டிய சின்னக் கட்டு ஒன்று மிச்சம் இருந்தது. தன் அண்ணனுக்கு அந்த விமானி எழுதிய கடிதங்கள், முகாம் ஆபீஸில் டைப் அடித்தவை. ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பிரித்தோம். மூன்றாவது கடிதத்தின் நடுவில் சார் கையை உயர்த்தினார்.

“அந்த இடத்தை மறுபடி வாசி.”

வாசித்தேன்.

“மறுபடி.”

காது மந்தமானவருக்கு வாசிப்பது போல, நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசித்தேன். பாவி, எதை வாசிக்கிறேன் என்று தெரிந்தா வாசித்தேன்?

“தப்பா வாசிச்சிட்டனா சார்?”

“இல்லை. சரியாக வாசித்தாய்.”

பிறகு அவர் சொன்னார். அன்றைக்கு வானத்தில் எதிரி விமானம் ஒன்றும் இல்லையாம். வெறுமனே திரும்பிப் போக மனமில்லையாம். கீழே ஒரு சாலை, வண்டிகள், மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடுகிற சனம். தாழ இறங்கி இரண்டு தடவை சுட்டிருக்கிறார்கள். இதற்கெல்லாம் வாலில் கோடு போடமாட்டார்கள் என்று வேடிக்கையாக எழுதியிருந்தான். அப்புறம் ஒரு வரி: குதிரைகள்தான் பாவம், நுகத்தோடு துடித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரணம் இருக்கிறது. ஜப்பான்காரன் பினாங்கில் முதன்முதலாகக் குண்டு போட வந்த அன்று, ஊர்ச்சனம் ஓடி ஒளியவில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தது. என் அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. அவருடைய அண்ணனுக்குப் பத்து. அந்த அண்ணன், எனக்குப் பெரியப்பா ஆகியிருக்க வேண்டியவர், நடுத்தெருவில் நின்று விமானத்துக்குக் கை காட்டினார். விமானக்காரன் கீழே இறங்கி வந்து அவரைச் சுட்டுவிட்டுப் போனான். “மூஞ்சி தெரிஞ்சுச்சுலா. கண்ணாடி போட்டிருந்தான்” என்று அப்பா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அவன் ஜப்பான்காரன், இவன் ஜெர்மன்காரன், தெரியும். ஆனாலும் இரண்டு மாதம் நான் உட்கார்ந்து வாசித்து, அழுது, சுத்தம் என்று நம்பியது அந்தக் கண்ணாடி போட்ட மூஞ்சிக்குத்தானே?

பிறகு சார் தன் மகனைப் பற்றிச் சொன்னார். ஒரே மகன். முப்பது வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் எங்கோ பழைய பட்டாளத்து ஆவணங்களைப் பார்த்துவிட்டு, தாத்தா ரஷ்யாவில் சாலையில் போன சனங்களைச் சுட்டிருக்கிறார் என்று இங்கே வந்து, இதே மேஜையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். இவர் அவனைப் பொய்யன் என்று சொல்லி வெளியே துரத்திவிட்டார். அவன் அம்மா மட்டும் திருட்டுத்தனமாக அவனோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் எழுதி வைத்த நம்பர் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் இன்னும் ஒட்டியிருந்தது.

“அவனைக் கூப்பிடு, அக்கா. அவன் சொன்னது உண்மை என்று நான் சொல்ல வேண்டும்.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுகூடக் கிடையாது.

“நான் ஏன் சார் கூப்பிடணும்? குதிரைக்குத்தானே அழுதாரு உங்கப்பா. போய்க் குதிரையோட பேசுங்க. எனக்கு மணி ஆச்சு, பஸ் போயிரும்.”

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். லிஃப்டில் இறங்கும்போதே நெஞ்சு குறுகுறுத்தது. திரும்பி ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மெர்தாஜாம் பெண் கைப்பேசியில் பேசி அனுப்பியிருந்தாள். “அக்கா, சார் ரெண்டு நாளா சரியா சாப்பிடலக்கா. யாருக்கோ போன் பண்ணணும்னாரு, நான் டயல் பண்ணித் தர்றேன்னேன். வேணாம், அக்கா வரட்டும்னுட்டாரு.” அப்படியா, வரட்டும்னாரா, இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லித் திங்கட்கிழமையும் லீவு போட்டேன். என் அப்பாவோ நாசி லெமாக் இரண்டு பொட்டலம் தின்றுவிட்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

திங்கள் மாலை அந்தப் பெண் மறுபடியும் அனுப்பினாள். “சார் கேட்டுக்கிட்டே இருக்காருக்கா, அக்காவோட அப்பா எப்படி இருக்காரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களான்னு. என்னக்கா சொல்லட்டும்?”

ஐயோ என்று ஆகிவிட்டது. நான் சொன்ன பொய்க்கு அந்த மனுஷன் சாப்பிடாமல் கிடந்துகொண்டு கவலைப்படுகிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் என் மேலேயே திரும்பியது. இவர் என்ன செய்தார்? இரண்டு வயதில் அப்பனைப் பறிகொடுத்தார், அம்மா சொன்னதை நம்பினார். அப்பன் சுட்டதற்கு நான் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டேனே. அந்த இரவே முடிவு செய்துகொண்டேன், நாளைக்கு முதல் வேலை அந்தப் போன்தான் என்று.

செவ்வாய்க்கிழமை போனபோது சார் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் இருந்தார். அவரே தடவித் தடவிச் சவரம் செய்ததில் கன்னத்தில் இரண்டு இடத்தில் ரத்தம். துடைத்துவிட்டேன்.

“அப்பா எப்படி இருக்கிறார்?”

“நல்லா இருக்காரு சார். நான்தான்... மன்னிச்சிருங்க சார், அன்னிக்கு வாய் நீண்டுருச்சு.”

“நீ சொன்னது சரிதான்” என்றார்.

காலையில் கூப்பிட முடியாது, அங்கே விடிந்திருக்காது. மூன்று மணிக்குக் கூப்பிடலாம், அங்கே காலை ஒன்பது இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மத்தியானம் கஞ்சி முழுவதும் குடித்தார். இரண்டே முக்காலுக்கு நான் அலமாரிக் கதவைத் திறந்து, நம்பரைக் கைப்பேசியில் போட்டு வைத்துக்கொண்டேன். அழுத்த வேண்டியது ஒரு பொத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை, மூன்று மணி. ராகு காலம். மூன்றிலிருந்து நாலரை.

இதை நான் எப்படிச் சொல்வேன்? என் கல்யாணப் பேச்சை யாரோ ராகு காலத்தில் தொடங்கினார்கள் என்று என் அம்மா சாகும்வரை புலம்பினார். அவர் புலம்பியபடியே அந்தக் கல்யாணமும் மூன்று வருடத்தில் முடிந்தது. ஃபேக்டரியில் புது மெஷின் இறக்கும்போதுகூட நாங்கள் பெண்கள் சேர்ந்து சூப்பர்வைசரைப் பத்து நிமிடம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறோம். முப்பது வருடம் பேசாத அப்பனும் பிள்ளையும் பேசப் போகிற பேச்சை, நான் என் கையால் கெட்ட நேரத்தில் தொடங்குவதா? ஏற்கெனவே என்னால் நாலு நாள் கெட்டது. இதையாவது சரியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதுதான்.

“சார், நாலரைக்குக் கூப்பிடலாம். இப்ப நேரம் நல்லா இல்ல.”

“ஏன்? அங்கே ஒன்பது மணி.”

“அங்க நல்லா இருக்கும் சார். இங்க நல்லா இல்ல. எங்க பழக்கம். நல்ல காரியத்த இந்த நேரத்துல ஆரம்பிச்சா உருப்படாது.”

அவர் சிரித்தார். இரண்டு மாதத்துக்கு முன் என் வாசிப்பைக் கேட்டுச் சிரித்த அதே சிரிப்பு. “முப்பது வருடம் பொறுத்தேன். ஒன்றரை மணி நேரம்தானே, அக்கா. நீ சொல்கிறபடி செய்வோம்.”

அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் சும்மா இருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மகனிடம் சொல்ல வேண்டியதைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மன்தான், எனக்குப் புரியவில்லை. நாலேகாலுக்கு டீ கேட்டார். கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். நாலு இருபத்தைந்து இருக்கும், கப் விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை தொங்கியது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மகனைக் கூப்பிட்டேன். அந்த ஒரு பொத்தானைத்தான் அழுத்தினேன். யாரென்று சொல்லி, அப்பாவுக்குப் பக்கவாதம், உடனே வாங்க என்று இங்கிலீஷில் சொன்னேன். கைப்பேசியை அவர் காதில் வைத்தேன். மகன் அங்கிருந்து பேசுவது எனக்கே கேட்டது. சார் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவர் கேட்டாரா, புரிந்ததா, கடவுளுக்குத்தான் தெரியும்.

மகன் வியாழக்கிழமை வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது, தலை நரைத்து, அப்பாவின் அதே நெற்றி. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். சார் கண் திறக்கவே இல்லை. சனிக்கிழமை விடியும்போது முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகு, வீட்டைக் காலி செய்ய மகன் என்னை வரச் சொன்னார். மேஜையில் அந்தப் பெட்டி அப்படியே திறந்திருந்தது. அவர் மேலிருந்த கடிதத்தை எடுத்து வாசித்தார். எந்தக் கடிதம் என்று எனக்குத் தெரியும். குதிரைகள் வருகிற வரியில் அவர் கண் நின்றதும் தெரிந்தது.

“இதை அப்பாவுக்கு வாசித்தீர்களா?”

“வாசிச்சேன் சார்.”

“என்ன சொன்னார்?”

“நீங்க சொன்னது உண்மைன்னார். உங்களக் கூப்பிட்டு அத சொல்லணும்னார்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எப்போது?”

அங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். நினைவு தப்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் அவருக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை பொய்யன் பட்டம் கிடைத்திருக்கிறது. நானும் அவரிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை என் வாய் நீண்டதைச் சொன்னேன். திங்கட்கிழமைப் பொய் லீவைச் சொன்னேன். செவ்வாய் மூன்று மணியைச் சொன்னேன்.

“மூன்று மணி என்றால் எனக்கு ஒன்பது” என்றார் மெதுவாக. “அன்று எனக்கு வேலை இல்லை. வீட்டில்தான் இருந்தேன். போன் பக்கத்திலேயே இருந்தது. ஏன் கூப்பிடவில்லை?”

ராகு காலத்தை ஒரு ஜெர்மன்காரருக்கு எப்படி விளக்குவது? ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் உண்டு, அப்போது நல்லதைத் தொடங்கமாட்டோம், அது முடியட்டும் என்று காத்திருப்போம் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன், திருப்பிக் கொடுத்திருக்கவே மாட்டேன். அவர் கைப்பேசியை எடுத்து, வந்த அழைப்புகளைத் தள்ளித் தள்ளி, அந்தச் செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்தார்.

“நீங்கள் என்னைக் கூப்பிட்டது உங்கள் நேரப்படி நாலு முப்பத்திரண்டு” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “அப்போது நல்ல நேரம் வந்துவிட்டதா?”

“வந்துருச்சு சார்” என்றேன்.